ஸ்டே கம்பியில் ஏறிய சங்குப்பூ

ஆஷிகா நட்ட சங்குப்பூ விதைகளில் இது நான்காவது. முதல் மூன்றும் என்ன ஆயின என்று சொல்லாமல் நான்காவதுக்கு வந்தால், அது ஏன் அவளுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பது உங்களுக்கு விளங்காது.

ஐந்தாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு முடிந்த அன்று ராதாமணி டீச்சர் பிள்ளைகளுக்கு ஆளுக்கு நான்கு சங்குப்பூ விதைகளைக் கொடுத்தார். "லீவுல சும்மா இருக்காம வளருங்க" என்றார். ஆஷிகா நான்கையும் தன் பென்சில் டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டாள்.

அவள் வீடு கோவில்பட்டியின் ஓரத்தில், தெருவின் கடைசியில் இருந்தது. அதற்கு அப்பால் பருத்தி விளைகிற கரிசல் காடுதான். சித்திரை வெயிலில் கரிசல் மண் வாயைப் பிளந்து கிடக்கும். ஒரு வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஆஷிகா முதல் விதையை அப்படி ஒரு வெடிப்பின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். அவ்வளவுதான், விதை உள்ளே உருண்டுவிட்டது. அதைத் தேடித் தருகிறேன் என்று குனிந்த தம்பி அஃப்ஜல், சட்டைப் பையிலிருந்த தன் கோலிக்குண்டையும் உள்ளே விட்டான். இரண்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

இரண்டாவது விதை அழகாக முளைத்தது. ஆசை தாங்காமல் ஆஷிகா காலையில் ஒரு செம்பு, மதியம் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு என்று ஊற்றித் தள்ளினாள். கரிசல் மண் குடித்த தண்ணீரை லேசில் விடாது. பத்தே நாளில் வேர் அழுகிப்போனது.

மூன்றாவது கொடி ஒரு முழம் வளர்ந்தது. அதைச் செவலை தின்றுவிட்டது.

செவலை என்பது பக்கத்து வீட்டு மாரித்தாயின் வெள்ளாடு. செக்கச் சிவந்த நிறம், பொல்லாத வாய். அன்று ஆஷிகாவுக்கு வந்த கோபத்தில் தெருவே கேட்கும்படி கத்தினாள். "திருட்டு ஆடு! திருட்டு ஆடு! ஆடு வளர்க்கத் தெரியாதவங்க எதுக்கு ஆடு வளர்க்கணும்?"

மாரித்தாய் வாசலில் நின்று அதைக் கேட்டார். ஆட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அவர் ஆஷிகாவிடம் பேசவில்லை. ஆஷிகாவும் வீம்பாக இருந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு விதை.

அதை எங்கே நடுவது என்று ஆஷிகா இரண்டு நாள் யோசித்தாள். அவள் வீட்டுக்கும் மாரித்தாயின் ஆட்டுக் கொட்டகைக்கும் நடுவில் தெருவின் கடைசி மின்கம்பம் நின்றது. கம்பம் சாய்ந்துவிடாமல் இருக்க, அதன் உச்சியிலிருந்து தரைக்குச் சாய்வாக ஒரு தடித்த இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதற்கு ஸ்டே கம்பி என்று பெயர். கொட்டகையின் வடக்குப் பக்கத்தில், இரண்டு எட்டுத் தள்ளி, அது மண்ணுக்குள் இறங்கியது.

ஆஷிகா கடைசி விதையை அந்தக் கம்பியின் அடியில் நட்டாள். சுற்றிலும் முள் வைத்தாள். மூன்று நாளைக்கு ஒரு முறை மட்டும் தண்ணீர் ஊற்றினாள். கொடி முளைத்தது, கம்பியைப் பிடித்தது, விறுவிறுவென்று ஏறியது. ஆடு எட்டாத உயரத்துக்கு ஏறக் கம்பியும் தயாராக இருக்கிறது! இதைவிட நல்ல இடம் ஊரிலேயே கிடையாது என்று அவளுக்கு ஒரே பெருமை.

ஐப்பசி மழை பிடித்ததும் கொடி மூன்று கிளையாகப் பிரிந்து கம்பத்தின் கழுத்து வரை போய்விட்டது. ஒரு வியாழக்கிழமை காலையில் நடுக்கிளையில், பச்சை இலைகளுக்கு நடுவே, நீலமாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"மொட்டு! ஏலே அஃப்ஜல், மொட்டு விட்டிருக்கு!"

அஃப்ஜல் வெளியே ஓடிவந்தான். "எங்கன? எனக்குத் தெரியலையே!"

"அங்கன பாரு, உச்சியில. நாலு மொட்டு இருக்கு!"

அதே நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பத்தடியில் வந்து நின்றது. அதில் வந்தவர் வயர்மேன் வெயிலுமுத்து. அந்தப் பக்கத்துத் தெருக்களில் கரண்டு போனால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தலையை அண்ணாந்து கொடியைப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து ஆஷிகா நிமிர்ந்து நின்றாள்.

"இது யாரு வச்ச கொடி?"

"நான்தான் அண்ணாச்சி. சங்குப்பூ. இன்னைக்குத்தான் மொட்டு விட்டிருக்கு!"

"மொட்டு கெடக்கட்டும். அது எங்கன போய் நிக்கின்னு பாத்தியா?" வெயிலுமுத்து மேலே கையை நீட்டினார். "இன்னும் ரெண்டு முழம் ஏறுச்சுன்னா கரண்டுக் கம்பியைப் பிடிச்சிரும். மழையில நனைஞ்ச கொடி வழியா கரண்டு சரசரன்னு கீழ இறங்கும். அப்ப இங்கன யாரு நிப்பா?"

ஆஷிகா கீழே பார்த்தாள். ஸ்டே கம்பிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான் அஃப்ஜல். போன கோடையில் தொலைந்த கோலிக்குண்டை அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

ஆஷிகா ஓடிப்போய்த் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "ஏலே, இனிமே அங்கிட்டுப் போனா கொன்னேபுடுவேன்!"

"நீதான அங்கன மொட்டு இருக்குன்னு கூப்பிட்ட!" என்றான் அவன்.

வெயிலுமுத்துவின் குரல் கொஞ்சம் தணிந்தது. "அடுத்த சனிக்கிழமை மாசாந்திர வேலைக்குக் கரண்டை நிறுத்துதோம். அன்னைக்கு வந்து அடியோட வெட்டிருதேன். அதுவரைக்கும் யாரும் கம்பியைத் தொடக்கூடாது. கொடியைப் பிடிச்சு இழுக்கவும் கூடாது. வெளங்குச்சா?"

ஆஷிகா தலையை ஆட்டினாள். வண்டி போனபிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அழுகையைக் கொடுத்தது.

அவளுடைய அம்மா தௌலத் பேகம் விஷயத்தைக் கேட்டதும் முதல் வேலையாக ஒரு கட்டு முள்ளைக் கொண்டுவந்து கம்பியைச் சுற்றிப் போட்டார். பிறகு மகளின் தலையைத் தடவினார்.

"விடு ஆஷி. வேற விதை போட்டுக்கலாம்."

"அதான் கடைசி விதைம்மா."

"டீச்சர்ட்ட கேட்டா தரமாட்டாங்களா?"

"தருவாங்க. ஆனா அது இந்தக் கொடி இல்லையேம்மா. இதுதான பொழைச்சு வந்துச்சு."

அம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று முழுக்க ஆஷிகா யோசித்தாள். கொடி கம்பியில் இருக்கக் கூடாது, சரி. ஆனால் வேர் மண்ணில்தானே இருக்கிறது? வேரை விட்டுவிட்டுக் கொடியை மட்டும் கழற்றி வேறு எதிலாவது ஏற்றிவிட்டால்? அதை ஏன் வெட்ட வேண்டும்?

சங்குப்பூவைத் தொடக்கூடாது என்று வயர்மேன் சொல்லியிருக்கிறார். அதனால் அவள் அம்மாவின் அவரைக்கொடியில் ஒத்திகை பார்த்தாள். கொல்லையில், பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் அது ஒரு குச்சியைச் சுற்றி வளர்ந்திருந்தது. அடியிலிருந்து கழற்றப் பார்த்தாள். வரவில்லை, நுனியிலிருந்து கழற்றினால்தான் வந்தது. மெதுவாகக் கழற்றி, பக்கத்தில் இன்னொரு குச்சியை நட்டு, அதில் அழகாகச் சுற்றிவிட்டாள். ரொம்பச் சுலபம் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனாள்.

மறுநாள் காலையில் கொல்லையிலிருந்து அம்மாவின் சத்தம் கேட்டது.

"என் அவரையை என்னட்டி செஞ்ச?"

குச்சியைச் சுற்றியிருந்த கொடி முழுவதும் அவிழ்ந்து, வாளிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஷிகா மறுபடியும் சுற்றினாள். சாயங்காலம் வந்து பார்த்தால் மறுபடியும் தொங்கியது. "அவரைக்கு உன்னைப் பிடிக்கலைக்கா" என்றான் அஃப்ஜல்.

ஆஷிகா வாளிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். கொடியின் தண்டில் லேசாக ஒரு முறுக்கு இருந்தது. அவள் சுற்றிய பக்கம் ஒன்று, அந்த முறுக்கு போகிற பக்கம் வேறொன்று! மேலே இருந்து பார்த்தால் அவள் கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்றியிருந்தாள். கொடியோ அதற்கு எதிர்ப்பக்கமாகப் போகப் பார்த்தது.

"நீ இப்படித்தான் போவியோ?" என்று கேட்டபடி எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டாள். மறுநாள் காலையில் அவரை குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியை இரண்டு விரல்கடை மேலேயும் ஏற்றியிருந்தது.

ஆஷிகா வாசலுக்கு ஓடினாள். முள்வேலிக்கு இந்தப் பக்கமே நின்று சங்குப்பூவைப் பார்த்தாள். அதுவும் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் கம்பியைச் சுற்றிப் போயிருந்தது.

சரி, கழற்றத் தெரியும், சுற்றவும் தெரியும். எதில் சுற்றுவது?

அவள் வீட்டுச் சுவர் வழுவழுவென்று சிமெண்டு பூசியது. வேருக்குப் பக்கத்தில் ஒரு மரமும் இல்லை. துணி காயப்போடும் கயிற்றைக் கேட்டால் அம்மா அடிக்க வருவார். பக்கத்தில் இருந்தது மாரித்தாயின் ஆட்டுக் கொட்டகை மட்டும்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் வாடைக்காற்றோடு மழை அடித்தது. ஆஷிகா ஜன்னல் வழியாக எதிரே பார்த்தாள். கொட்டகைக்குக் கூரை இருந்தது, வடக்குப் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. சாரல் நேராக உள்ளே போனது. செவலை ஒரு மூலையில் ஒடுங்கி நின்றது. அதன் வயிற்றுக்கு அடியில், நேற்றுப் பிறந்த இரண்டு குட்டிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மாரித்தாய் ஒரு சாக்கைப் பிடித்துக் கட்டப் பார்த்தார். காற்று அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தது.

கொட்டகைக்குப் பின்னால் பழைய படல் இரண்டு கிடப்பதை ஆஷிகா அப்போதுதான் கவனித்தாள். கம்புகளையும், காய்ந்த பருத்திச்செடிக் குச்சியான பருத்திமாரையும் சேர்த்துப் பின்னிய தடுப்புக்குப் படல் என்று பெயர். ஆடுகளைக் காட்டில் அடைத்துப் போடும்போது சுற்றிலும் நிறுத்துவார்கள். இந்த இரண்டும் கட்டு விட்டு, பல் போன வாய் மாதிரி கிடந்தன.

அவளுக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. ஆனால் மாரித்தாயிடம் போய்ப் பேச வேண்டுமே! 'ஆடு வளர்க்கத் தெரியாதவங்க' என்று கத்திய வாயால் எப்படிக் கேட்பது?

மழை விட்டதும் அவள் கிளம்பினாள். பத்து எட்டுத் தூரம்தான். ஒவ்வொரு எட்டுக்கும் கரிசல் மண் செருப்பில் அப்பி, கால் ஒவ்வொன்றும் ஒரு படி கனத்தது.

மாரித்தாய் நிமிர்ந்து பார்த்தார். "காத்து இந்தப் பக்கம் அடிக்கி போல."

"அத்தை... குட்டி ரெண்டும் நனையுதே."

"நனையத்தான் செய்யும். ஆடு வளர்க்கத் தெரியாதவ வீட்டுக் குட்டிலா?"

ஆஷிகாவுக்கு முகம் சுருங்கிப்போனது. "அன்னைக்குக் கோவத்துல தப்பாச் சொல்லிட்டேன் அத்தை. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "செவலை திருடுனது மட்டும் நெசம்" என்றாள்.

மாரித்தாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது நெசந்தான். எங்க வீட்டு முருங்கையையும் அதுதான் மொட்டையடிச்சுது. சரி, சொல்லு. குட்டியைப் பாக்க மட்டும் வந்த மாதிரி தெரியலையே."

ஆஷிகா ஒளிக்காமல் சொன்னாள். கொடியை வெட்டப் போவது, அவரைக்கொடி, படல் எல்லாவற்றையும் சொன்னாள். "அந்தப் படலை நான் கட்டித் தாரேன் அத்தை. அதை இந்தப் பக்கம் நிறுத்துனா செவலைக்குச் சாரல் அடிக்காது. என் கொடிக்கும் ஏற இடம் கிடைக்கும்."

"படலை எடுத்துக்கோ. ஆனா, ஆட்டு வாய்க்குப் பக்கத்துலயே கொடியை ஏத்துதேங்கியே, அது விட்டு வைக்குமா?"

அதை ஆஷிகா யோசிக்கவே இல்லை. இரண்டு பேரும் செவலையைப் பார்த்தார்கள். செவலை ஆஷிகாவின் துப்பட்டா நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

மறுநாளே ஆஷிகா அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ஒரு முருங்கைக் கிளையை எடுத்துச் செவலைக்கு மேலே நீட்டினாள். செவலை கழுத்தை நீட்டியது. இன்னும் தூக்கினாள். செவலை பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்காலைத் தூணில் ஊன்றி, நாக்கைத் துழாவியது. அதற்கு மேல் எட்டவில்லை.

"அதான் அளவு! அஃப்ஜல், அங்கன கோடு போடு!"

அஃப்ஜல் வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி, தூணில் சாக்பீஸால் கோடு போட்டான். அதற்குள் செவலை முருங்கைக் கிளையைப் பறித்துத் தின்று முடித்துவிட்டது.

அந்தக் கோட்டுக்கும் மேலே வர வேண்டும் என்றால் ஒரு படல் போதாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டையும் நிறுத்த வேண்டும். ஆஷிகா 'அத்தா' என்று கூப்பிடும் அவள் அப்பா கமால், பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும், கிழிந்த டியூப்களைப் பட்டை பட்டையாக வெட்டி ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். "இது கயிறு மாதிரி நைஞ்சு போகாது, தாயி. மழை, வெயில் எல்லாத்துக்கும் தாங்கும்."

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆஷிகாவும் மாரித்தாயும் உட்கார்ந்து, விட்டுப்போன கட்டுகளை எல்லாம் டியூப் பட்டையால் இறுக்கினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தா வந்து, கரண்டுக் கம்பிக்கு வெகுவாகத் தள்ளி, இரண்டு படலையும் கொட்டகைத் தூண்களோடு சேர்த்துக் கட்டினார். செவலையின் கோட்டுக்கு நேராக ஆஷிகா ஒரு சிவப்புப் பட்டையைக் கட்டினாள்.

"இதுக்குக் கீழ உள்ளே எட்டிப் பாக்கிற இலையெல்லாம் உனக்கு. மேல இருக்கிறது எனக்கு. சரியா?" என்றாள் செவலையிடம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போனது. பத்து மணிக்கு வரவேண்டிய வெயிலுமுத்து பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தார். வண்டியில் ஏணியும் இடுப்பில் அரிவாளும் இருந்தன. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, வெட்டாதீங்க! கழத்தி இந்தப் படல்ல ஏத்திரலாம். எல்லாம் தயாரா இருக்கு!"

வெயிலுமுத்து படலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்குக் கரண்டு கொடுக்கணும் பிள்ள. இன்னும் நாலு கம்பம் கெடக்கு. அடியில ஒரு வெட்டுப் போட்டா ஒரே இழுவையில வந்துரும். உக்காந்து கழத்திக்கிட்டு இருக்க எனக்கு ஏது நேரம்?"

 ஆனாலும் ஆஷிகா விடவில்லை.

"பத்து நிமிஷம் மட்டும் கொடுங்க அண்ணாச்சி. அதுக்குள்ள வராட்டா நீங்க வெட்டிருங்க. நான் அழமாட்டேன். நீங்க சொன்ன மாதிரி நாங்க கம்பிப் பக்கம் போகவே இல்லை. வேணும்னா முள்ளைப் பாருங்க."

வெயிலுமுத்து கீழே பார்த்தார். போட்ட முள் போட்டபடி இருந்தது. அவர் மூச்சை இழுத்துவிட்டார். "பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது. ஏணியில நின்னு நான் போனைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. யாரு நேரம் பாக்கது?"

"நான் எண்ணுதேன்!" என்று கத்தினான் அஃப்ஜல். "பத்து நிமிஷத்துக்கு எவ்வளவுக்கா?"

"அறுநூறு."

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

வெயிலுமுத்து ஏணியைச் சாத்தி, லைனைச் சோதித்துப் பார்த்துவிட்டு மேலே ஏறினார். முதல் கிளையின் நுனியைப் பிடித்துச் சுற்றினார். அது வராமல் இன்னும் இறுகியது.

"அந்தப் பக்கம் இல்லை அண்ணாச்சி! எதிர்ப்பக்கம்! மேல இருந்து பாத்தா கடிகார முள்ளு போற மாதிரி சுத்துங்க!"

அவர் கையை மாற்றினார். கொடி ஒரு சுற்றுக் கழன்றது. இன்னொரு சுற்றும் கழன்றது. "அட!" என்றார் வெயிலுமுத்து. "கேட்டுக்கிட்டு வருதே!"

அவர் கழற்றக் கழற்ற, நடுவில் ஸ்டூல் போட்டு நின்ற அம்மா அதை வாங்கினார். அம்மாவிடமிருந்து மாரித்தாய் வாங்கினார். ஆஷிகா கீழே நின்று, கொடி மடங்காமல், கசங்காமல் கையில் ஏந்தினாள். முதல் கிளை வந்தது. இரண்டாவது கிளையும் வந்தது. மூன்றாவதாக எடுத்த நடுக்கிளையில்தான் நான்கு மொட்டுகளும் இருந்தன.

"தொண்ணுத்தெட்டு... தொண்ணுத்தொம்பது... நூறு!" என்றான் அஃப்ஜல். "ஒண்ணு... ரெண்டு..."

மூன்றாவது கிளை பாதியில் சிக்கிக்கொண்டது. வெயிலுமுத்து ஏணியில் ஒரு படி இறங்கி, குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நூல் கோக்கிறவர் மாதிரி அதை எடுத்தார். ஒரு மொட்டு உதிர்ந்து அம்மாவின் தலையில் விழுந்தது. "அச்சச்சோ!" என்று கத்தியது ஆஷிகா இல்லை, வெயிலுமுத்துதான்.

அவர் இறங்கி வந்தபோது கம்பி சுத்தமாக இருந்தது. கொடி மூன்று கிளையும் ஆஷிகாவின் தோளில் கிடந்தது.

"ஏலே, எத்தனை எண்ணியிருக்க?" என்று கேட்டார் வெயிலுமுத்து.

"நூறு."

"அறுநூறுல்லா எண்ணணும்?"

"எனக்கு நூறு வரைக்கும்தான் தெரியும் அண்ணாச்சி. நூறு முடிஞ்சதும் மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுனேன்."

"எத்தனை நூறு ஆச்சு?"

"அதை யாரும் எண்ணச் சொல்லலையே!"

வெயிலுமுத்து போனை எடுத்து நேரம் பார்த்தார். அரை மணி ஆகியிருந்தது. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "நல்லா எண்ணுன போ!" என்று சொல்லிவிட்டு, ஏணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் பறந்தார்.

ஆஷிகா கொடியைப் படலில் ஏற்றினாள். கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக, கம்பு கம்பாக, அவசரமே இல்லாமல் சுற்றினாள். அடியில் வேரைச் சுற்றி மறுபடியும் முள் வைத்தாள். முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. சாரல் படலில் அடித்துத் திரும்பியது. உள்ளே குட்டிகள் இரண்டும் காய்ந்த தரையில் படுத்திருந்தன.

இரண்டு நாள் கொடி துவண்டு கிடந்தது. இலைகள் தொங்கின. ஆஷிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. "தண்ணி ஊத்தட்டுமா அத்தை?" என்று மணிக்கொரு தரம் கேட்டாள். "மழையில அதுக்கு எதுக்குட்டி தண்ணி? மறுபடியும் அழுகவிடப் போறியா?" என்று விரட்டினார் மாரித்தாய்.

மூன்றாம் நாள் இலைகள் நிமிர்ந்தன. ஐந்தாம் நாள் காலையில் மாரித்தாய் கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தார். "ஏட்டி ஆஷிகா! ஓடி வா!"

முதல் பூ பூத்திருந்தது. நல்ல நீலம், நடுவில் கொஞ்சம் வெள்ளை. அது வெளிப்பக்கம் பூக்காமல், படலின் இடுக்கு வழியாகக் கொட்டகைக்கு உள்ளே எட்டிப் பார்த்தது. சிவப்புப் பட்டைக்கு நான்கு விரல்கடை மேலே இருந்தது. அதற்கு நேர் கீழே செவலை பின்னங்காலில் நின்று, நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எட்டவில்லை!

ஆஷிகா சிரித்த சிரிப்பில் குட்டிகள் இரண்டும் துள்ளி ஓடின. பிறகு அவளே படலின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு கை இலையைப் பறித்துச் செவலைக்குக் கொடுத்தாள்.

மார்கழி முடிவதற்குள் படல் முழுவதும் நீலமாகிவிட்டது. அந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, "சங்குப்பூ இருக்குல்லா, அதுக்கு அடுத்த வீடு" என்று வழி சொல்ல ஆரம்பித்தார்கள்.

தை மாதம் கரண்டு நிறுத்திய நாளில் வெயிலுமுத்து வந்தார். ஸ்டே கம்பியைப் பார்த்தார், அது மொட்டையாக இருந்தது. திரும்பிப் படலைப் பார்த்தார். 

"ஏ பிள்ள, இதுல விதை கிடைக்குமா? எங்க வீட்டு வாசல் வெறுமனே கெடக்கு."

ஆஷிகா உள்ளே ஓடினாள். காய்ந்த நெற்றுகளை உடைத்து எடுத்து வைத்திருந்த விதைகளில் நான்கை ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். அவர் கையில் கொடுக்கும்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"எங்கன வேணும்னாலும் நடுங்க அண்ணாச்சி. ஸ்டே கம்பிக்குப் பக்கத்துல மட்டும் நட்டுராதீங்க. வயர்மேன் வந்து வெட்டிருவாரு!"